சித்திக்கு ஒரு குரல்

2007 ஏப்ரலில் சுட்டி டி.வி. தொடங்கியபோது, செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் தளவானூரில் அந்தப் பெண் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அரசு கொடுத்த இலவச கலர் டி.வி. வீடு வீடாக வந்து இறங்கிய காலம். ஜாக்கி சானும் டோராவும் தமிழில் பேசினார்கள். அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்ற கேள்வியே பிள்ளைகளுக்கு எழவில்லை. தமிழ் பேசினால் தமிழர்கள்தானே!

அவளுக்குப் பிடித்தது ஒரு குறும்புக்காரப் பையனின் குரல். சற்றே கரகரப்பு. சிரிக்க ஆரம்பித்தால் நடுவில் விக்கல் மாதிரி ஒன்று வந்து மாட்டிக்கொள்ளும். அந்த விக்கலை அவள் அப்படியே செய்து காட்டுவாள். அம்மா அடுப்படியிலிருந்து, "பையன் வந்துட்டான்டி" என்று சிரிப்பாள்.

அந்தப் பையனுக்குப் பேசியவர் யார் என்று எங்கும் போடவில்லை. கார்ட்டூன் முடியும்போது எழுத்துகள் ஓடும் முன்பே விளம்பரம் வந்துவிடும். சினிமாவில் நிலைமை வேறு. 2019-ல் 'தி லயன் கிங்' தமிழில் வந்தபோது சிம்பாவுக்கு சித்தார்த், ஸ்காருக்கு அரவிந்த்சாமி, பும்பாவுக்கு ரோபோ சங்கர், டீமோனுக்கு சிங்கம்புலி என்று பெயர் சொல்லியே விளம்பரம் செய்தார்கள். தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் வந்து பேசிய குரல்களுக்கு அந்த யோகம் இல்லை.

2015-ல் அம்மா போய்ச் சேர்ந்தாள். மஞ்சள் காமாலை. பெங்களூருக்கு வேலைக்குப் போன அப்பா அதற்கு முன்பே திரும்பி வருவதை நிறுத்தியிருந்தார். அவளுக்கு 16 வயது, தம்பிக்கு மூன்று. அதே ஊரில் இருந்த சித்தி இருவரையும் அழைத்துக்கொண்டு போனாள். சித்தி வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். அரை ஏக்கரில் மல்லாட்டை, மற்ற நாளில் நூறு நாள் வேலை. சித்தப்பாவுக்குக் கொத்து வேலை. வேலை இருக்கிற நாளில்தான் கூலி.

தம்பி சாப்பிட மாட்டான். அம்மா எங்கே என்று கேட்டு அழுவான். அவள் அந்தக் கார்ட்டூன் பையனின் குரலை எடுத்து, "டேய், இந்த ஒரு வாய் எனக்கு, அடுத்த வாய் உனக்கு" என்பாள். விக்கல் சிரிப்பு வரும்போது தம்பி வாயைத் திறப்பான். அந்த நேரம் பார்த்துச் சோற்றை ஊட்டிவிட வேண்டும். இரண்டு வருஷம் அவன் சாப்பிட்டது பாதி அந்தக் குரலால்தான்.

சித்தி கெட்டவள் இல்லை. ஆனால் வாய். "வேலைக்குப் போறவங்களுக்கு எடுத்து வெச்சிட்டு அப்புறம் நீ போட்டுக்கோ" என்பாள். குழம்பில் இருக்கும் மீன் முதலில் சித்தப்பாவுக்கு, அடுத்து அவள் பிள்ளைகளுக்கு, கடைசியில் இவர்களுக்கு. அம்மாவின் கம்மலை வாங்கிச் செஞ்சியில் அடகு வைத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. கேட்காமல் வைத்துக்கொண்ட கேள்வி உள்ளேயே கிடந்து ஊறியது.

ஒருநாள் பேச்சு முற்றியது. துணிப்பை ஒன்றில் தம்பியின் இரண்டு சட்டை, ஒரு பாட்டில் தண்ணீர், அரைப் பாக்கெட் பிஸ்கட் எடுத்துக்கொண்டு அவனை இடுப்பில் தூக்கி வைத்தபடி கிளம்பினாள். போவதற்கு இடம் இல்லை. ஊரை ஒட்டிய குன்றில் சத்ருமல்லேஸ்வரம் என்ற குடைவரைக் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து செய்தது. பகைவரை வெல்லும் மல்லன் என்று பொருள்படும் சத்ருமல்லன் என்பது அவன் பட்டப்பெயர்களில் ஒன்று. முகப்பின் இரு பக்கமும் இரண்டு வாயிற்காவலர்கள் கல்லில் நிற்பார்கள். அங்கே போய் உட்கார்ந்தாள். இங்கேயே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். பிஸ்கட் தீர்ந்தது. பொழுது சாய்ந்தது. தம்பி, "சோறு" என்றான். கார்ட்டூன் குரலால் சமாளிக்கிற பசி இல்லை அது. எழுந்து திரும்பி நடந்தாள். சித்தி எங்கே போனாய் என்று கேட்கவில்லை. இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் பன்னிரண்டாவது முடித்தாள், டி.பார்ம் படித்தாள், செஞ்சியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தாள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர்களின் ராணுவத் தலங்கள் என்ற வரிசையில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி. அந்தச் செய்தி வந்த சில வாரங்களில், ஞாயிற்றுக்கிழமை மதியம், ராஜகிரி ஏறி இறங்கிய களைப்போடு அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கடைக்கு வந்தார். "தொண்டைக்கு ஏதாவது மாத்திரை குடும்மா, சப்பிச் சாப்பிடுற மாதிரி" என்றார். சாதாரணக் குரல். இவள் எடுத்துக் கொடுத்து, "வெயில்ல மலை ஏறினா அப்படித்தாம்மா ஆவும். ராஜா தேசிங்கே குதிரையிலதான் போவாராம்" என்றாள். அந்த அம்மா சிரித்தார். சிரிப்பின் நடுவில் விக்கல் மாதிரி ஒன்று மாட்டிக்கொண்டது.

அவள் கையிலிருந்த சில்லறை கல்லாவுக்குள் போகாமல் கீழே விழுந்தது. "அம்மா, நீங்க டி.வி.யில பேசுவீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பையனின் பெயரைச் சொன்னாள். அந்த அம்மா ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பையனாகவே, "கண்டுபிடிச்சிட்டியா?" என்றார்.

பத்து வயசுப் பையனின் குரல், நரைத்த தலையும் கோட்டையேறி அழுக்கான புடவையுமாக நின்ற ஓர் அம்மாவிடமிருந்து வந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தம்பிக்குச் சோறு ஊட்டிய கதையைச் சொன்னாள். கேட்டு முடித்து, "முப்பது வருஷமா பேசறேன். யாரும் இப்படிச் சொன்னதில்லம்மா" என்றார் அவர்.

கடையில் கூட்டமில்லை. ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். சிறுவர்களின் குரலைப் பெண்கள் பேசுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம் என்று அந்த அம்மா சொன்னார். நிஜப் பையனாக இருந்தால் இரண்டு வருஷத்தில் குரல் உடைந்துவிடும், பெண்ணின் குரல் மாறாது. ஜப்பானில் 'டிராகன் பால்' தொடரின் கோகுவுக்கு 1986-லிருந்து பேசிவரும் மசாகோ நோசாவா 1936-ல் பிறந்த பெண்மணிதான்.

வேலையைப் பற்றியும் சொன்னார். காதில் ஹெட்போனில் மூலமொழி ஓடும். எதிரே திரையில் வாய் அசையும். மூடித் திறக்கும் வாய்க்கு 'ப'வோ 'ம'வோ வரும் சொல்லைத் தேடிப் போட வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கிறவருக்கு ஏதோ உறுத்தும். கத்துகிற காட்சி, அழுகிற காட்சியெல்லாம் கடைசியில்தான் எடுப்பார்கள். முதலிலேயே கத்தினால் தொண்டை போய்விடும். அடிபடும் சத்தம், மூச்சு வாங்குவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் வாயால்தான்.

"வில்லிக்கெல்லாம் பேசியிருக்கீங்களாம்மா?"

"நிறைய. அதுதான் கஷ்டம். அவ பக்கம் ஒரு நியாயம் இருக்கும். அது எதுன்னு தெரியாம மைக் முன்னாடி நின்னா வெறும் கத்தலாத்தான் வரும்."

கிளம்பும்போது ஒரு படத்தின் பெயரைச் சொன்னார். 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. மின்மினிகளின் கல்லறை. "பொம்மைப் படம்தானேன்னு தம்பியோட உக்காந்துடாதே. முதல்ல நீ தனியா பாரு. அதுல வர்ற சின்னக் குழந்தைக்குப் பேசினது அஞ்சு வயசுக் குழந்தை. அந்தப் பிள்ளை பேச்ச முதல்ல பதிவு பண்ணிட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி அப்புறமா வாயை வரைஞ்சாங்க. எனக்கு அது பெரிய பாடம்மா." பெயரைக் கேட்டபோது சொன்னார். ஆனால், யாரிடமும் சொல்லாதே என்று சிரித்துவிட்டுப் போனார்.

அன்றிரவே கூட வேலை செய்யும் தோழியின் நெட்ஃபிளிக்ஸ் கணக்கில், செல்போனில், காதில் இயர்போன் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஜப்பானிய மொழிப் பேச்சு, கீழே ஆங்கில எழுத்து.

1988 ஏப்ரலில் வெளிவந்த ஸ்டுடியோ கிப்லி படம் அது. இயக்கியவர் இசாவோ தகஹாதா. அதே நாளில் ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோடோரோ'வும் சேர்ந்து ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படமாக வந்தது. ஒன்று பிள்ளைகளைக் குதூகலிக்க வைக்கும். மற்றொன்று 1945-ல் கோபே நகரத்தில் குண்டு விழுந்து தாயை இழந்த இரண்டு பிள்ளைகளின் கதை. அண்ணன் செய்தாவுக்கு வயது 14. தங்கை செட்சுகோவுக்கு நான்கு.

படம் ஆரம்பித்த உடனேயே அந்த அண்ணன் ரயில் நிலையத்தில் பட்டினியால் செத்துப்போகிறான். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போகிறார்கள். தாயை இழந்த பிள்ளைகள் ஒரு சொந்தக்கார அம்மா வீட்டில் தங்குகிறார்கள். பிள்ளைகளின் அம்மா வைத்திருந்த பட்டு உடைகளை அரிசிக்கு மாற்றலாம் என்கிறாள் அவள். அரிசி வருகிறது. நாள் ஆக ஆக, வேலைக்குப் போகிறவர்களுக்குச் சோறும், இவர்களுக்குத் தண்ணீராய்க் கஞ்சியும் ஊற்றுகிறாள். குத்திக் காட்டுகிறாள். ரோஷம் தாங்காமல் அண்ணன் தங்கையை அழைத்துக்கொண்டு, குளக்கரை ஓரத்தில் மண்ணைக் குடைந்து செய்த பதுங்குகுழிக்குக் குடிபோகிறான்.

அவள் படத்தை நிறுத்தினாள். கை நடுங்கியது. அந்தக் குழியின் வாசல் இருட்டு அவளுக்குத் தெரிந்த இருட்டு. "போகாதடா" என்று வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் படுத்திருந்த தம்பி புரண்டு படுத்தான்.

மீதியைப் பார்த்து முடிக்க விடிகாலை ஆனது. மின்மினிகளைப் பிடித்துக் கொசுவலைக்குள் விட்டு வெளிச்சம் பார்க்கும் அந்தக் குழந்தை, மறுநாள் காலையில் செத்துக் கிடக்கும் பூச்சிகளுக்குக் குழி தோண்டுகிறது. அம்மாவையும் இப்படித்தான் புதைத்திருப்பார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. மிட்டாய் தீர்ந்துபோன தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் குடிக்கிறது. பிறகு கண் விழிக்காமல் போகிறது. மிட்டாய் டப்பாவில் அண்ணன் அதன் எலும்புகளைப் போட்டு வைக்கிறான்.

அந்தக் கதையை எழுதிய அகியுகி நோசாகா தன் தங்கையை 1945-ல் அதே பட்டினியில் இழந்தவர். கதையில் வரும் அண்ணன் அளவுக்குத் தான் நல்லவனாக இருக்கவில்லை, கிடைத்த உணவைத் தானே தின்றிருக்கிறேன் என்று பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். தகஹாதாவும் ஒன்பது வயதில் ஒகயாமா நகரத்துக் குண்டுவீச்சில் தப்பியவர். இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று மட்டும் சொல்வதை அவர் ஏற்கவில்லை. ஊரோடும் உறவோடும் ஒட்டாமல் தனியாக வாழப் பார்த்து, முடியாமல் போன இரண்டு பிள்ளைகளின் கதை என்பதுதான் அவர் சொன்னது.

இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சித்தி கவனித்துவிட்டாள். "யார் இன்னா சொன்னாங்க? மூஞ்ச ஏன் அப்படி வெச்சிருக்க?"

"ஒரு படம் பார்த்தேன் சித்தி. பொம்மைப் படம். அதுல ஒரு குழந்தை செத்துடுது."

"பொம்மைப் படத்துல எதுக்குக் குழந்தையைச் சாவடிக்கிறான்? பாக்காத விடு."

அவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது. "நீ மட்டும் பாரதக் கூத்துல அபிமன்யு சாவறதை வருஷா வருஷம் பாக்கலையா?"

சித்தியிடம் அதற்குப் பதில் இல்லை. செஞ்சிச் சீமை திரௌபதி அம்மன் வழிபாட்டுக்குத் தாய்வீடு. மேலச்சேரி கோயிலை ஆதி கோயில் என்பார்கள். பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. அபிமன்யு போருக்குப் போகும் இரவில் குழந்தைகளைத் தூங்கப் போ என்று யாரும் விரட்டுவதில்லை. பாயை விரித்து நடுவில் உட்கார வைத்துக்கொள்வார்கள். அவன் சாவான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அழுவார்கள். பக்கத்தில் அழுகிறவள் மூக்கைச் சிந்துவது கேட்கும். நடுவில் கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பான். விடிந்தால் டீ. கடைசி நாள் படுகளம் முடிந்து தீமிதியும் ஆனபின் எல்லோரும் சேர்ந்து வீடு திரும்புவார்கள். அவள் இந்தப் படத்தைப் பார்த்ததோ இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு, போர்வைக்குள், தன்னந்தனியாக.

"சரி, போடு. நானும் பாக்கறேன்" என்றாள் சித்தி.

ஞாயிற்றுக்கிழமை இரவு. செல்போனைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தார்கள். சித்திக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் அவளே ஒவ்வொரு வரியையும் தமிழில் பேச வேண்டியதாயிற்று. 13 வயதுத் தம்பி, எனக்கொன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

அண்ணனுக்குப் பேசினாள். குழந்தைக்குப் பேசும்போது, தம்பிக்குச் சோறு ஊட்டிய காலத்துக் குரல் தானாக வந்தது. வாசற்படியில் இருந்த முதுகு ஒருமுறை திரும்பியது.

அந்தச் சொந்தக்கார அம்மாவின் முறை வந்தது. கஞ்சி ஊற்றும் காட்சி. கீழே ஆங்கிலம் ஓடுகிறது. அதைத் தமிழாக்க அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "வேலைக்குப் போறவங்களுக்கு எடுத்து வெச்சிட்டு அப்புறம்தான் மத்தவங்களுக்கு." பத்து வருஷம் கேட்ட வரி. சொல்லி முடித்த பிறகுதான் யாருடைய குரலில் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டது அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அந்தப் பொம்பளையின் நியாயம் எது? அவள் வீட்டிலும் அளந்து கொடுத்த ரேஷன்தான். அவளுக்கும் பெண் இருக்கிறாள். ஊரெல்லாம் எரிகிறது, நாளைக்கு அரிசி வருமா தெரியாது. பயந்துபோன பொம்பளை. அடுத்த காட்சியில் அவளுக்குப் பேசியபோது அந்தப் பயம் குரலில் சேர்ந்தது. சொல் அதேதான், கடுகடுப்பு மட்டும் குறைந்துவிட்டது.

பிள்ளைகள் குழிக்குக் கிளம்பும் இடத்தில் சித்தி, "நிறுத்து" என்றாள்.

கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டிருந்தாள். பிறகு திரையைப் பார்த்தே பேசினாள். "உங்கம்மா கம்மலு. ரெண்டு வருஷம் உன் காலேஜிக்கு பீஸ் கட்டினேன். மிச்சத்துக்கு அரிசி வாங்கினேன். அந்த அரிசிய நீங்க மட்டும் தின்னல, நாங்களும்தான் தின்னோம். மூக்க முடியல. சொல்லணும்னு நெனப்பேன். சொன்னா கணக்கு கேட்ட மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன்."

யாரும் ஒன்றும் பேசவில்லை.

"அன்னைக்கு நீ புள்ளய இடுப்புல வெச்சிக்கிட்டுப் போனியே, நான் பின்னாலயே வந்தேன். கோயில் மேட்டுக்குக் கீழ புளியமரத்தாண்ட நின்னுட்டிருந்தேன். கூப்பிட்டா ரோஷத்துல இன்னும் தூரமா போயிடுவியோன்னு கூப்பிடல. நீ எழுந்திரிச்சதும் குறுக்கால ஓடியாந்து உலை வெச்சேன்."

அந்தப் படத்தில் வரும் அம்மா, பிள்ளைகள் படியிறங்கிப் போகும்போது ஒரு கணம் தயங்கி நிற்கிறாள், பின்னால் போகவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு புளியமரம்தான்.

அவள் மறுபடி படத்தை ஓடவிட்டாள். மிட்டாய் டப்பா வந்தபோது தம்பி எழுந்து, ஆட்டைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். ஆடு ஏற்கெனவே கட்டியிருந்தது. திரும்பி வந்து சித்தியின் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டான். குழந்தையின் கடைசிக் காட்சியில் அவளால் பேச முடியவில்லை. தமிழ் நின்றுபோனது. ஜப்பானியச் சொற்கள் மட்டும் அந்தச் சின்னக் குரலில் கேட்டன. சித்திக்கு அர்த்தம் சொல்லத் தேவைப்படவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பாரதக் கூத்தில் அழுவதுபோலவே சத்தமாக அழுதாள்.

படம் முடிந்து எழுத்துகள் ஓடின. யாரும் நிறுத்தவில்லை. வரைந்தவர்கள், பேசியவர்கள் என்று வரிசையாக, படிக்கத் தெரியாத எழுத்தில் பெயர்கள் மேலே போய்க்கொண்டிருந்தன.

"அந்தக் குழந்தைக்குப் பேசினது நெஜக் குழந்தையா?" என்று சித்தி மூக்கைத் துடைத்தபடி கேட்டாள்.

"ஆமா சித்தி. அப்போ அஞ்சு வயசு. அயானோ ஷிராய்ஷின்னு பேரு."

"இப்போ எவ்ளோ வயசு இருக்கும்?"

"1988-ல வந்த படம். நாப்பதைத் தாண்டியிருக்கும்."

"நாப்பதா!" சித்தியின் முகம் தெளிந்தது. "கல்யாணம் காட்சியெல்லாம் ஆயிருக்கும். நல்லா இருக்கட்டும்" என்றபடி எழுந்தாள். அடுப்படிக்குள் போய் மூன்று தட்டு எடுத்து வைத்தாள்.